உடையவில்லை, திறந்துகொண்டது

என் டூல் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தூண்டில் கிளிப்பை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஊக்கு மாதிரி இருக்கும் சாதாரண ஸ்னாப் ஸ்விவல், அதாவது ஒரு முனையில் சுழலும் வளையம் (ஸ்விவல்), மறுமுனையில் திறந்து மூடும் கம்பிப் பூட்டு. பாக்கெட்டில் 30 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. போன நவம்பரில் மும்பை மார்வே கடற்கரைப் பக்கம் ஒரு ராவஸ், நம் ஊரில் காலா என்போமே, அது இதைத் திறந்துகொண்டு போய்விட்டது. எவ்வளவு பெரிய மீன் என்று கேட்காதீர்கள். தப்பிய மீன் எல்லாமே பெரிய மீன்தான். ஆனால் 30 கிலோ இல்லை. அதில் கால்வாசிகூட இருக்காது. தண்ணீருக்கு மேலே ஒருமுறை புரண்டு வெள்ளி விலாவைக் காட்டியது, அவ்வளவுதான்.

தூண்டில் நரம்பு அறுந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். முடிச்சு அவிழ்ந்திருந்தால் என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ரீலைச் சுற்றி எடுத்துப் பார்த்தால் நரம்பு முழுசாக இருக்கிறது, முடிச்சு முழுசாக இருக்கிறது, கிளிப்பும் முழுசாகத்தான் இருக்கிறது. கம்பி மட்டும் பூட்டிலிருந்து விலகி, கொட்டாவி விட்ட மாதிரி நிற்கிறது.

எனக்குத் தொழில் லிப்ட் சர்வீஸ். வீடு தாராவி 90 அடி ரோட்டில், வேலை சயான், மாட்டுங்கா, வடாலாவில். கயிறு, ஷாக்கிள், கொக்கி இதெல்லாம்தான் 18 வருஷமாகச் சோறு போடுகிறது. லிப்ட் கயிறு அன்றாடம் சுமக்கும் எடையைப் போலப் பத்து மடங்காவது தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் மாட்டுவார்கள். அதுவும் ஒற்றைக் கயிறு இல்லை, பல கயிறு. அப்படியும் நாங்கள் போகும்போது துணியை வைத்துத் தடவி, இழை எங்காவது அறுந்து நூலைப் பிடித்து இழுக்கிறதா என்று பார்ப்போம். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு ரூபாய்க் கம்பியில் மீனைத் தொங்கவிட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்து பிப்ரவரி வரைக்கும் கையில் கிடைத்த கிளிப்புகளை எல்லாம் வாங்கி, தொங்கவிட்டு, ஊறவைத்து, கடலிலும் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கிளிப் எங்கெல்லாம் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ரீலிலிருந்து வரும் மெல்லிய நரம்பு, அதன் நுனியில் லீடர் என்ற தடியான நரம்பு, லீடரின் நுனியில் ரிக். ரிக்கின் அடியில் எடைக்கான ஈயம், பக்கத்தில் கிளை நரம்பு, அதில் முள். லீடரையும் ரிக்கையும் சேர்க்கும் இடத்தில் ஒரு கிளிப். ஈயத்தை மாட்டும் இடத்தில் ஒன்று. சிலர் முள் நரம்பைச் சட்டென்று மாற்றிக்கொள்ளலாம் என்று அங்கேயும் ஒன்று போடுவார்கள். ஆக ஒரு தூண்டிலில் மூன்று கதவு. நானும் மூன்றும் போட்டவன்தான்.

வாங்கியது பெரும்பாலும் மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சந்துக் கடையில். கடை என்பது ஆறடி அகலம். பின்னால் மரப்பெட்டிகள், ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே என்ன சாமான் இருக்கிறதோ அதில் ஒன்றை ஆணி அடித்து வைத்திருப்பார் பாய். எழுத்தே வேண்டாம், கையைக் காட்டினால் போதும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது ஈ ஓட்டுவார். மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைக்கும் நாரளி பூர்ணிமா நெருங்கினால் பேச நேரம் இருக்காது. எந்தக் கிளிப் நல்லது என்று கேட்டால் ஒரே பதில்: "ஸப் ஏக் ஹீ ஹை." எல்லாம் ஒன்றுதானாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க விடுவார், காந்தம் வைத்துப் பார்த்தாலும் முகம் சுளிக்க மாட்டார். ஆன்லைனில் அது நடக்காது. ஆன்லைனில் நான் வாங்கிய இரண்டு பாக்கெட்டில் ஒன்று படத்தில் இருந்த அளவில் பாதிதான் வந்தது. குற்றம் கொஞ்சம் என்னுடையதும்தான். இந்த எண் விஷயம் தலைகீழ்: 7-ஆம் நம்பர் ஸ்விவல் சின்னது, 1-ஆம் நம்பர் பெரியது, அதற்கு மேலே 1/0, 2/0 என்று போனால் இன்னும் பெரியது. அதுவும் ஒரு கம்பெனியின் 4-ம் இன்னொரு கம்பெனியின் 4-ம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் நம்பரை நம்பாதீர்கள், கம்பியின் தடிமனைக் கண்ணால் பாருங்கள்.

சரி, வகைகளுக்கு வருவோம். கடைக்காரருக்கு எல்லாம் ஒன்று. எனக்கு, பூட்டு எப்படி விழுகிறது என்பதை வைத்துத்தான் வகை.

ஊக்கு வகையில் ஒரு பித்தளைத் தகட்டை மடித்து அதற்குள் கம்பி நுனியைச் செருகுவார்கள். சேலைக்குக் குத்தும் ஊக்கு அப்படியே. சேலைக்கு அது போதும், ஏனென்றால் சேலை ஓடாது. இதில் இழுப்பு ஏறினால் கம்பி வில் மாதிரி வளையும். வளைந்தால் நுனி தகட்டுக்குள்ளிருந்து பின்னால் நழுவும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் நழுவினால் முடிந்தது. கம்பி எவ்வளவு வலுவானது என்பதற்கு இங்கே மதிப்பே இல்லை. இன்னொரு தொல்லை, அந்தத் தகட்டின் விளிம்பை யாரும் அரம் போட்டுத் தேய்ப்பதில்லை. பல இழை பின்னிய பிரெய்டு நரம்பு அதில் உரசினால் பஞ்சு மாதிரி எழும்பிக்கொள்கிறது.

இதற்கே கொஞ்சம் புத்தி வந்த தம்பி இன்டர்லாக். அதே தகடு, ஆனால் கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்துத் தகட்டில் மாட்டிவிடுவார்கள். இழுக்க இழுக்கக் கொக்கி இறுகும். நல்ல யோசனைதான். தகடு மெல்லிசாக இருந்தால் கொக்கி தகட்டையே கிழித்துக்கொண்டு வருகிறது, அதையும் பார்த்தேன்.

டுவோலாக்கில் தகடே கிடையாது, முழுக்க ஒரே கம்பி. இரண்டு பக்கமும் திறக்கும். லூர் என்ற செயற்கை இரை போடுகிறவர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அடிப்பக்கம் அகலமாக வளைந்திருப்பதால் லூர் ஆட இடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் திறக்கும் என்பதுதான் அதன் வம்பு. இருட்டில் லூர் மாற்றும்போது தெரியாமல் நரம்புப் பக்கத்தைத் திறந்துவிட்டு, பாதி மூடிய நிலையில் வீசியிருக்கிறேன். லூர் பறந்தது. நரம்பு இங்கே, லூர் அரபிக் கடலில்.

கிராஸ்லாக்கில் கம்பி நுனி எதிர்ப்பக்கக் கம்பியைத் தாண்டி அதன் மேல் கை போட்டுக் கொக்கி போடும். கோஸ்ட்லாக்கில் கம்பி நுனி சுற்றி வந்து தன் கழுத்தையே பிடித்துக்கொள்ளும். இரண்டிலும் விஷயம் ஒன்றுதான். இழுப்பு ஏறும்போது பூட்டு விலகுவதற்குப் பதில் இறுகும். இது லிப்ட்காரனுக்குப் புரிகிற பாஷை. எங்கள் பிரேக்கும் அப்படித்தான். கரண்டு வந்தால் திறக்கும், கரண்டு போனால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். கெட்டது நடக்கும்போது எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துச் செய்த சாமானுக்கும் யோசிக்காமல் செய்த சாமானுக்கும் இதுதான் வித்தியாசம்.

கடைசியாக, பூட்டே இல்லாத சுருள் கிளிப். ஒரே கம்பி இரண்டு வளையமாகச் சுருண்டிருக்கும். சாவி வளையத்தில் சாவி நுழைவது போல நரம்பின் வளையத்தைச் சுற்றி நுழைக்க வேண்டும். இங்கிலாந்தில் கடற்கரைத் தூண்டில்காரர்களிடம் இந்த மாதிரி ரொம்பப் பழக்கம். பிரேக்அவே என்ற கம்பெனியின் ஃபாஸ்ட்லிங்க் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கப்பலில் வேலை பார்க்கும் சிநேகிதன் ஒருவன் அதில் ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தான். ஈயம் மாட்டுவதற்கு அருமை. கை ஈரமாக இருந்தாலும் இரண்டு விநாடியில் மாற்றலாம். அதே மாதிரி வடிவத்தில் பெயரில்லாத பாக்கெட் ஒன்றை சந்தையில் வாங்கினேன், அங்கேதான் பாடம். நல்லதில் கம்பியும் கம்பியும் ஒட்டி நிற்கும். இதில் என் விசிட்டிங் கார்டின் மூலை தாராளமாக நுழைந்தது. நரம்பு விறைப்பாக இருக்கும்வரை அதுவும் கழலாது. பாறைமேல் ஈயம் உருண்டு, நரம்பு தொய்ந்து, மறுபடி விறைக்கும்போது ஈயத்தின் வளையம் அந்த இடைவெளி வழியாக நடந்து வெளியே போய்விடுகிறது. இரண்டு ஈயம் போச்சு. இப்போது எந்தச் சுருள் கிளிப் வாங்கினாலும் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன். பாய் சிரிக்கிறார்.

இப்போது வாளிச் சோதனை. எங்கள் வீட்டில் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் இரும்பு ஏணி. ஏணியின் மேல்படியில் கிளிப்பின் ஒரு முனை, மறுமுனையில் நைலான் கயிறு, கயிற்றில் வாளி. வாளியின் அடியில் பழைய மெத்தை. ஒரு லிட்டர் மக்கால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, காலி வாளி ஒரு கிலோ, கணக்கு சுலபம். சுலபம் இல்லாதது வீட்டுக்காரியைச் சமாளிப்பது.

"தண்ணி வர்றதே ரெண்டு மணி நேரம். அதுல உங்க மீன் கொக்கிய வேற குளிப்பாட்டணுமா?"

சோதனை முடிந்த தண்ணீரில் துணி துவைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் போட்டேன். முதல் ஊக்கு 11 கிலோவில் திறந்தது. வாளி மெத்தையில் விழுந்து, பாதித் தண்ணீர் வாசல்படி தாண்டிச் சந்துக்குப் போனது. ஒப்பந்தம் அங்கேயே முறிந்தது. மறுநாள் கடைசல் பட்டறையிலிருந்து இரும்புத் துண்டுகள் கேட்டு வாங்கிவந்து, வாளியில் தண்ணீருக்குப் பதில் அதைப் போட்டேன்.

30 கிலோ என்று போட்ட ஊக்கு மூன்றைத் தொங்கவிட்டேன். 11, 13, 9. ஒரே பாக்கெட்டில் இவ்வளவு வித்தியாசம். எதுவுமே உடையவில்லை. மூன்றும் திறந்துகொண்டன. ஒருவேளை பாக்கெட்டில் போட்டிருக்கும் 30 அந்த ஸ்விவல் உடம்புக்கான கணக்காக இருக்கலாம், ஸ்விவல் ஒன்றும் ஆகாமல்தான் இருந்தது. ஆனால் நான் வாங்கியது இரண்டும் சேர்ந்த சாமானை. இன்டர்லாக் 20 கிலோவை ஒட்டி விட்டது, ஒன்று தகடு கிழிந்தது. நடுத்தர டுவோலாக் 17 கிலோவிலேயே கோவைக்காய் மாதிரி நீண்டுவிட்டது, 22-ல் கைவிட்டது. சின்ன கிராஸ்லாக், ஜப்பான் பாக்கெட், எட்டுக்கு 280 ரூபாய் கொடுத்தேன், 25 தாண்டியும் நின்றது. கோஸ்ட்லாக்கைத் தொங்கவிட்டு வாளி நிரம்பி, 20 லிட்டர் தண்ணீர் கேனையும் சேர்த்துக் கட்டி, 40 கிலோ ஆனபின் ஏணி முனகியதால் நிறுத்திக்கொண்டேன். கிளிப் கொஞ்சம் முட்டை வடிவம் ஆகியிருந்தது, பூட்டு அசையவில்லை.

இட்லிக் கடை அண்ணாச்சி, என்னோடு கடலுக்கு வருகிறவர், ஏணிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டே, மீனு வாளி மாதிரி சும்மா தொங்குமாடே?" என்றார். கேள்வி நியாயம். தொங்கும் எடை வேறு, வெட்டி இழுக்கும் எடை வேறு. ஒரு எடையை மெல்ல இறக்கித் தொங்கவிட்டால் அந்த எடைதான் இழுப்பு. அதையே கயிறு இறுகும் இடத்தில் பிடித்திருந்து சட்டென்று கையை விட்டால், விழும் உயரம் ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒரு கணம் இரண்டு மடங்கு இழுக்கும். கொஞ்சம் உயரத்திலிருந்து விழவிட்டால் அதற்கும் மேலே. அதனால் வாளியில் 8 கிலோ போட்டு, ஒரு சாண் தூக்கி விட்டேன். ஊக்கு மூன்றாவது தடவையில் போனது. இன்டர்லாக் பத்துத் தடவை தாங்கியது, ஆனால் கொக்கி நிமிர்ந்துகொண்டே வந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கோஸ்ட்லாக்குக்கு ஒன்றும் இல்லை. கம்பி ஒவ்வொரு தடவை வளைந்து நிமிரும்போதும் கொஞ்சம் செத்துக்கொண்டே வருகிறது. திறந்து திறந்து மூடுவதும் அதே வளைப்புதான். இருபது தடவை திறந்த கிளிப்பைப் புதுசு என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் செய்ய முடியாத சோதனை முறுக்கல். அதை வாம் செய்து காட்டியது. கடல் விலாங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், மும்பை மார்க்கெட்டில் நீளமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்குமே அது. டிசம்பரில் ஒரு இரவு உரன் பக்கம் பாறையில் அது மாட்டியது. மேலே வரும்வரை கயிறு திரிக்கிற மாதிரி சுற்றிக்கொண்டே வந்தது. முள் நரம்பில் நான் ஒரு டுவோலாக் போட்டிருந்தேன். மேலே எடுத்தபோது கிளிப் பக்கவாட்டில் படுத்து, இழுப்பு முழுக்க பூட்டு நுனிமேல் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் பத்தடி தூரம் இருந்திருந்தால் போயிருக்கும். ஸ்விவல் சுற்ற வேண்டாமா என்று கேட்கலாம். சாதாரண பீப்பாய் ஸ்விவல் சும்மா இருக்கும்போது விரலால் சுற்றினால் சுற்றும், இழுப்பு ஏறினால் உலோகத்தில் உலோகம் இறுகி அப்படியே நின்றுவிடும். ரோலிங் ஸ்விவல், கிரேன் ஸ்விவல் கொஞ்சம் தேவலை. குண்டு பொதிந்த பேரிங் ஸ்விவல்தான் பாரத்திலும் சுற்றும், விலையும் அதற்கேற்ற மாதிரி. அண்ணாச்சி வாமைப் பார்த்து, "இதைக் கிளிப்போட சேர்த்தே குழம்பு வச்சிரலாம்டே" என்றார்.

துரு. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கறுப்பு நிறம் அடித்த கிளிப் பார்க்க அழகு, தண்ணீரில் மீனுக்குத் தெரியாது என்பார்கள். ஆறு டீ கிளாஸில் மார்வே தண்ணீரை ஊற்றி ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் போட்டு ஜன்னலில் வைத்தேன். மலிவான கறுப்பு கிளிப் ஒன்றில் மூன்றாம் நாளே ஆரஞ்சுப் புள்ளி. மேல்பூச்சுக்கு அடியில் வெறும் ஸ்டீல். லிப்ட் குழியில் தளம் தெரிவதற்காக ஒட்டும் காந்தம் என்னிடம் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். அதை அருகே கொண்டுபோனால் அது துள்ளி ஒட்டியது. ஸ்டெயின்லெஸ் கம்பியும் லேசாக நகரும், பயப்பட வேண்டாம், கம்பியை இழுத்து மெலிதாக்கும்போதும் வளைக்கும்போதும் அதற்குக் கொஞ்சம் காந்த குணம் வந்துவிடும். துள்ளி ஒட்டினால்தான் சந்தேகம். பித்தளைத் தகடு பச்சை பூத்தது, அது எதிர்பார்த்ததுதான்.

ஸ்டெயின்லெஸ் என்பதால் தப்பித்தோம் என்றும் இல்லை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோல் இருக்கிறது, காற்றுப் பட்டால்தான் அந்தத் தோல் காயம் ஆறும். இடுக்கில், ஸ்விவல் பீப்பாய்க்குள், கம்பி கம்பியைத் தொடும் இடத்தில் காற்று போகாது, உப்பு மட்டும் தங்கும். அங்கே ஊசி குத்திய மாதிரி அரிக்கும். 304 தர ஸ்டெயின்லெஸைவிட 316 தரம் கடலுக்கு நல்லது, அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். ஆனால் எந்தக் கிளிப் பாக்கெட்டில் அதை எழுதுகிறார்கள்? எழுதினாலும் எப்படி நம்புவது? வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, பிறகு டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு டப்பாவை மூடினால், மும்பை ஜூலையில், டப்பாவுக்குள்ளேயே ஒரு தனிக் கடல் உருவாகிவிடும். செருப்பு டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தை நான் இப்போது தூக்கிப் போடுவதில்லை.

மீன் போவது ஒரு கஷ்டம் என்றால், ஈயம் போவது வேறு கஷ்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் ஒரு காலை, ஓதம் வற்றிக்கொண்டிருந்த நேரம். 150 கிராம் ஈயத்தை முழு பலத்தோடு வீசினேன். ராடு பாதி சுற்று வந்தபோது ஒரு "டிக்" சத்தம், கையில் பாரம் காணோம். ஈயம் முன்னால் போகவில்லை. இடது பக்கம் பறந்து பாறையில் பட்டு, கல் தெறித்தது. அந்த இடத்திலிருந்து பின்னால் இருபதடியில் மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், ஒரு பாட்டி நாயோடு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அரை மணி நேரம் கை நடுங்கியது.

கிளிப் திறந்திருந்தது. ஈயம் மாட்டும் இடத்தில் நான் போட்டிருந்தது அதே ஊக்கு. வீசும்போது ஈயத்தின் எடை 150 கிராம் இல்லை, அதைப் போலப் பல மடங்கு இழுப்பு. அதனால்தான் வீசுகிறவர்கள் லீடருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு நரம்பு. 150 கிராம் என்றால் ஐந்து அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேலே, ஆகவே 50, 60 பவுண்டு லீடர். நானும் 60 போட்டிருந்தேன். 60 பவுண்டு என்றால் 27 கிலோ. அதன் நுனியில் 11 கிலோவில் வாய் திறக்கும் கிளிப். லீடருக்குக் கொடுத்த காசு முழுக்க வீண், அதைவிட மோசம், பத்திரமாக இருக்கிறோம் என்ற நினைப்பில் முழு பலத்தோடு வீசினேன். ஆள் நடமாடும் இடத்தில் ஊக்கு வகையை ஈயத்துக்குப் போடுவதை இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயமாகக் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

மார்வேயில் மனோரிக்குப் போகும் படகுத் துறைக்குத் தள்ளி மும்பையின் மீனவச் சமூகமான கோலிகளில் ஒரு பெரியவர் உட்காருவார். காகா என்றுதான் கூப்பிடுவேன். ராடு இல்லை, ரீல் இல்லை, கையில் தங்கூஸ் சுற்றிய மரக்கட்டை. கிளிப் என்ற பேச்சே கிடையாது, எல்லாம் முடிச்சு. என் கிளிப் டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தார். நகைக்கடையில் தோடு பார்க்கிற மாதிரி. பிறகு டப்பாவை மூடிக் கையில் கொடுத்து, "காட் உகடத் நாஹி" என்றார். முடிச்சு திறக்காதாம். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. இருட்டில், காற்றில், இரை வழுக்கும் கையோடு முடிச்சுப் போட அவருக்கு அறுபது வருஷப் பழக்கம். எனக்கு அப்படி இல்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். முள் நரம்பை நான் ஒரு நாளில் எத்தனை தடவை மாற்றுகிறேன்? இரண்டு, மூன்று. அதற்காக மீனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு எதற்கு?

அதனால் இப்போது என் தூண்டில் இப்படி இருக்கிறது. முள் நரம்பில் கிளிப் கிடையாது, நேராக ஸ்விவலில் முடிச்சு. பாலோமர் முடிச்சு போடுகிறேன், நரம்பு கண்ணுக்குள் இரட்டையாகப் போவதால் மெல்லிய கம்பி நரம்பை அறுப்பது குறைவு. லீடரையும் ரிக்கையும் சேர்க்கும் இடத்தில் ரோலிங் ஸ்விவலோடு வந்த கோஸ்ட்லாக், ஐந்துக்கு 120 ரூபாய். முழு ரிக்கையும் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் அங்கே கிளிப் இல்லாமல் முடியாது. ஈயத்துக்கு, மணல் தரை என்றால் கம்பி ஒட்டி நிற்கும் சுருள் கிளிப், பாறை என்றால் அங்கேயும் கோஸ்ட்லாக். பாறையில் ஈயம் சிக்கினால் மொத்த ரிக்கும் போகாமல் இருக்க, ஈயத்துக்கு மட்டும் மெல்லிய நரம்புத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுவார்களே, அதை மட்டும் பாந்த்ராவுக்கு அப்புறம் நான் வீசும் தூண்டிலில் போடுவதில்லை. லூர் என்றால் சின்ன கிராஸ்லாக், ஸ்விவல் இல்லாமல். ஸ்பின்னர் என்ற சுழலும் லூர் சுற்றி நரம்பு முறுக்கிக்கொள்ளும் என்றால் மட்டும் ஸ்விவல்.

விலையைச் சொன்னால் பாய் கடையில் ஊக்கு பத்து 40 ரூபாய். கோஸ்ட்லாக் ஒன்று 24 ரூபாய். ஆறு மடங்கு. ஆனால் ஒரு ஈயத்தின் விலையே இரண்டு கோஸ்ட்லாக்குக்கு மேல் வருகிறது. மாஹிமில் ரயில் ஏறி மலாடில் இறங்கி, பஸ் பிடித்து, இரை வாங்கி, ஓதம் பார்த்துக் காத்திருந்து, கடைசியில் 20 ரூபாயில் மிச்சம் பிடிப்பது எனக்கு இனிமேல் சரிப்படாது.

ஜனவரியில் அதே இடத்தில் ஒரு கொடுவா வந்தது, இங்கே ஜிதாடா என்பார்கள். மூன்று கிலோ இருக்கும். இரண்டு தடவை தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறியது, ஒவ்வொரு உதறலுக்கும் நான் கிளிப்பைத்தான் நினைத்தேன், மீனை நினைக்கவே இல்லை. கரைக்கு வந்ததும் முதலில் கிளிப்பைப் பார்த்தேன். பூட்டு இருந்த இடத்தில் இருந்தது. கம்பி மட்டும் லேசாகக் கோணியிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போட்டேன், காகா தலையில் அடித்துக்கொண்டார்.

ஊக்குப் பாக்கெட்டில் மீதி இருந்த ஆறும் வீட்டில் கிடந்தன. போன வாரம் அண்ணாச்சி வந்து, "சும்மாதானே கிடக்கு" என்று எடுத்துக்கொண்டு போனார். கடையில் சாவிகளை ஒவ்வொன்றாக அதில் மாட்டி, கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். சுழல்கிறது, சிக்குவதில்லை, கையால் இழுத்தால் சட்டென்று கழன்று வருகிறது. அந்த வேலைக்கு அதைவிட நல்ல கிளிப் கிடைக்காது என்கிறார்.